ஜிமெயில் ஃபில்டர்: முதலில் தேடிப் பாருங்கள்

பல வருடமாகக் கவனிக்காமல் விட்ட ஜிமெயில் கணக்கைச் சீராக்க உட்கார்ந்தால், முதல் அரை மணி நேரம் தேடிப் பார்ப்பதிலேயே போக வேண்டும். ஜிமெயிலில் ஃபில்டர் என்பது சேமித்து வைத்த ஒரு தேடல். புது மெயில் வந்ததும் அந்தத் தேடலுக்குள் அது அடங்குகிறதா என்று பார்க்கும்; அடங்கினால் நாம் சொன்னதைச் செய்யும். தேடலில் வேண்டாத நாலு மெயில் கலந்து வந்தால், ஃபில்டரும் அந்த நாலையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போகும். அதை நமக்கு எங்கேயும் சொல்லாது.

வேலையைக் கணினியில், பிரவுசரில் செய்யுங்கள். மொபைல் ஆப்பில் ஃபில்டர் உருவாக்க வழியில்லை. தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் கோடுகள் போட்ட சின்னக் குறி ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் அனுப்பியவர், பெறுபவர், சப்ஜெக்ட், இருக்க வேண்டிய சொல், இருக்கக் கூடாத சொல், மெயிலின் அளவு என்று ஒரு படிவம் திறக்கும். நிரப்பியதும் 'கிரியேட் ஃபில்டர்' பக்கம் போகாமல் முதலில் 'சர்ச்' அழுத்துங்கள். வந்த பட்டியலை இரண்டு மூன்று பக்கமாவது தள்ளிப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் மறுபடி அதே குறியை அழுத்தி, ஃபில்டரை உருவாக்கலாம்.

வங்கி மெயிலை எடுத்துக்கொள்வோம். மாதாந்திர ஸ்டேட்மென்ட் தனி லேபிளுக்கு (மெயிலுக்கு நாம் ஒட்டும் பெயர்ச்சீட்டு, கோப்புறை மாதிரி) போக வேண்டும், இன்பாக்ஸில் நிற்க வேண்டாம். அனுப்பியவர் இடத்தில் வங்கியின் முகவரியைப் போட்டு 'ஸ்கிப் த இன்பாக்ஸ்' (இன்பாக்ஸைத் தவிர்) கொடுத்துவிடுவதுதான் பலரும் செய்வது. பல வங்கிகளில் ஸ்டேட்மென்டும் ஓடிபியும் ஒரே முகவரியிலிருந்து வரும். சில நிமிடத்தில் காலாவதியாகிற ஓடிபி இன்பாக்ஸுக்கே வராமல் லேபிளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சரி, இருக்கக் கூடாத சொல்லில் 'ஓடிபி' என்று போட்டுவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் இன்னொரு பள்ளம். அந்தப் பெட்டி சப்ஜெக்டை மட்டும் பார்ப்பதில்லை, மெயிலின் உடல் முழுவதையும் பார்க்கிறது. 'உங்கள் ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள்' என்ற எச்சரிக்கை பெரும்பாலான வங்கி மெயில்களின் அடியில் இருக்கும். ஆகவே ஸ்டேட்மென்டும் விலக்கப்பட்டுவிடும். ஃபில்டர் எதையுமே பிடிக்காது. தீர்வு எதிர்ப்பக்கமாக இருக்கிறது: எது வேண்டாம் என்று சொல்வதை விட்டுவிட்டு, எது வேண்டும் என்று சப்ஜெக்டில் சொல்லுங்கள். அனுப்பியவர் இடத்தில் வங்கி முகவரி, சப்ஜெக்ட் இடத்தில் ஸ்டேட்மென்ட் என்ற சொல். ஒரு வங்கி இரண்டு விதமாகத் தலைப்பு வைத்தால் இரண்டையும் எழுதி நடுவே 'ஆர்' (OR) என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். சிறிய எழுத்தில் போட்டால் 'அல்லது' என்ற பொருளை அது எடுத்துக்கொள்ளாது. பாதிச் சொல்லை அடித்தால் முழுச் சொல்லையும் பிடித்துவிடும் என்றும் நம்பக் கூடாது.

அடுத்த திரையில் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கிறோம். இன்பாக்ஸைத் தவிர்த்தல், லேபிள் ஒட்டுதல், நட்சத்திரம், வேறு முகவரிக்கு அனுப்புதல், அழித்தல், ஸ்பேமுக்கு அனுப்பாதிருத்தல் எல்லாம் வரிசையாக இருக்கும். கடைசிப் பெட்டி, ஏற்கெனவே இருக்கிற பொருத்தமான மெயில்களுக்கும் இதைச் செய்யவா என்று எண்ணிக்கையோடு கேட்கும். பழைய குவியல் ஒரே அடியில் ஒதுங்குவது இந்தப் பெட்டியால்தான். வேறு முகவரிக்கு அனுப்புவது மட்டும் பழைய மெயிலுக்கு நடக்காது, இனி வருவதற்குத்தான்.

'டிலீட்' பெட்டியை நாங்கள் தொடுவதே இல்லை. அழித்த மெயில் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருந்துவிட்டு நிரந்தரமாகப் போய்விடும்; தவறு தெரிய வருவதற்குள் பெரும்பாலும் அந்த 30 நாள் கடந்திருக்கும். 'பிறகு அழிக்கலாம்' என்று ஒரு லேபிள் வைத்து, இன்பாக்ஸைத் தவிர்க்கச் சொன்னால் போதும். மாதம் ஒருமுறை அந்த லேபிளுக்குள் ஆறு மாதத்துக்கு முந்தியதைத் தேடிக் கையால் அழிக்கலாம். 'ஆறு மாதம் ஆனதும் தானாக அழி' என்று ஃபில்டர் போட முடியாது. மெயில் வந்து சேரும் நொடியில்தான் ஃபில்டர் அதைப் பார்க்கிறது, அந்த நொடியில் எந்த மெயிலுக்கும் வயது ஆகியிருக்காது.

மைக்ரோசாஃப்டின் மெயிலான அவுட்லுக்கில் பழகியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஃபில்டர் போன்ற விதிகளுக்கு வரிசை இருக்கிறது, 'இதோடு நிறுத்து' என்றும் சொல்லலாம். ஜிமெயிலில் இரண்டுமே கிடையாது; பொருந்துகிற எல்லா ஃபில்டரும் வேலை செய்யும். ஒன்று நட்சத்திரம் போட்டு, இன்னொன்று இன்பாக்ஸைத் தவிர்க்கச் சொன்னால், நட்சத்திரத்தோடு மெயில் உள்ளே மறைந்துவிடும். விதிவிலக்கு வேண்டுமென்றால் அந்த ஃபில்டருக்குள்ளேயே எழுதியாக வேண்டும்.

விளம்பர மெயிலைப் பிடிக்க, உடலில் 'அன்சப்ஸ்கிரைப்' (சந்தாவை ரத்து செய்) என்ற சொல்லைத் தேடும் ஃபில்டரைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். தேடிப் பாருங்கள், தெரியும். கட்டண நினைவூட்டல், நிறுவன அறிவிப்பு என்று நமக்குத் தேவையானவற்றிலும் அந்தச் சொல் இருக்கும். வேண்டாத சந்தாவை முதலில் ரத்து செய்துவிடுவதே நல்லது. மிச்சம் இருப்பதற்கு மட்டும், அனுப்பியவர்வாரியாக ஃபில்டர் போதும்.

முகவரிக்குள் கூட்டல் குறி போடும் வசதி அதிகம் பேருக்குத் தெரியவில்லை. உங்கள் பயனர் பெயருக்குப் பின், அட் குறிக்கு முன், ஒரு கூட்டல் குறியும் ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுத்தாலும் மெயில் உங்களுக்கே வரும். ஷாப்பிங் தளங்களில் இப்படிக் கொடுத்துவிட்டு, பெறுபவர் இடத்தில் அந்த முழு முகவரியைப் போட்டு ஃபில்டர் வைத்தால், அவர்கள் எந்த முகவரியிலிருந்து அனுப்பினாலும் தப்பாது. சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்பதில்லை. அங்கே இது நடக்காது.

அனுப்பியவர் முகவரி மாறுவது சாதாரணமாக நடக்கிறது. போலித் தளங்களைத் தடுப்பதற்காக, வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க் டாட் இன்' (bank.in) என்று முடியும் இணைய முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதையொட்டி மெயில் அனுப்பும் முகவரியும் மாறிய இடங்களில் பழைய ஃபில்டர் சும்மா கிடக்கும். பழையதை நீக்காமல், புதியதையும் 'ஆர்' போட்டுச் சேருங்கள். பழைய மெயிலைத் தேட அது உதவும். சேர்க்கும் முன் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். சந்தேகமான முகவரிக்கு 'ஸ்பேமுக்கு அனுப்பாதே' கொடுத்துவிட்டால் மோசடி மெயிலுக்கு நாமே கதவைத் திறந்துவிட்டதாக ஆகும்.

இன்பாக்ஸைத் தவிர்த்த மெயிலுக்கு மொபைலில் அறிவிப்பு வராது. ஆண்ட்ராய்டு ஆப்பில் செட்டிங்ஸ் போய், கணக்கைத் தொட்டு, 'மேனேஜ் லேபிள்ஸ்' திறந்து, அந்த லேபிளின் மெயில்களை மொபைலுக்கு இறக்கும் 'சிங்க்' வசதியை முதலில் கொடுத்தால்தான் அறிவிப்பு வசதி கிடைக்கும்.

செட்டிங்ஸில் 'ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்டு அட்ரஸஸ்' பக்கத்தை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். கணக்குக்குள் நுழைந்த திருடர்கள், வங்கி மெயிலை வெளியே அனுப்பவோ அழிக்கவோ ஒரு ஃபில்டரை வைத்துவிட்டுப் போவதுண்டு. பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த ஃபில்டர் அப்படியே இருக்கும். பக்கத்து 'ஃபார்வர்டிங்' பகுதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால், ஃபில்டர்களைத் தேர்ந்தெடுத்து 'எக்ஸ்போர்ட்' கொடுங்கள். ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இறங்கும். வேறு ஜிமெயில் கணக்கில் இதே ஏற்பாடு வேண்டும் என்றால் அங்கே 'இம்போர்ட்' செய்துகொள்ளலாம்.