இரண்டு முளைகளுக்கு இடையே

நவம்பர் 16, 2024, சனி

மாவுக்கட்டு போட்டு இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. முப்பது ஆண்டுகள் மலைகளில் ஏறி இறங்கியவள், பல்லாவரத்து வீட்டின் மூன்றாவது படியில் பாசி வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டேன் என்பதை யாரிடமும் விரிவாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நீலகிரியில் ஒரு சரிவில் மண் பிளந்திருக்கும் இடத்தின் இருபுறமும் நான் அடித்துவைத்த இரண்டு முளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை, அந்த ஊர் அக்கா காலையிலேயே அளந்து அனுப்பிவிட்டார்: 112.4 சென்டிமீட்டர்.

நவம்பர் 19, செவ்வாய்

112.4.

நவம்பர் 20, புதன்

கட்டிலைச் சன்னலோரம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இங்கிருந்து பார்த்தால் திரிசூலம் மலையின் வெட்டுண்ட முகம் தெரிகிறது. மழை நனைத்த பிறகு அந்தப் பாறை காட்டும் நீலம் கலந்த சாம்பல் நிறத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இந்த வட்டாரத்துப் பாறையும் ஒரே இனம் என்று கண்ட நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893இல் அதற்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். கல்லறையில் கிடந்தவரின் பெயர் ஒரு மலைக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையான பாறை இது. அம்மாவுக்கு இதெல்லாம் பொருட்டில்லை. அவர் வீட்டு அம்மிக்கல்லும் இதே கல்தானே, அதற்கு என்ன ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கிறது என்று கேட்கிறார்.

நீலகிரியும் பெரும்பாலும் இதே பாறைதான். ஆனால் அங்கே பெய்யும் மழை கல்லைக் கல்லாக இருக்கவிட்டதில்லை. சார்னோகைட்டில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் களிமண்ணாகவும் இரும்பு துருவாகவும் மாறி, அடிப்பாறைக்கு மேல் பல மீட்டர் தடிமனுக்குச் செம்மண் போர்த்திக் கிடக்கிறது. என் முளைகள் இரண்டும் அந்தச் செம்மண்ணில்தான் நிற்கின்றன.

நவம்பர் 23, சனி

112.6. இரண்டு மில்லிமீட்டர்.

அக்டோபர் 20 அன்று நான் எஃகு டேப்பால் அளந்து 112.4 என்று எழுதி வைத்துவிட்டு வந்தேன். அக்கா அளப்பது தையல் டேப்பால். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குச் சட்டை தைப்பதற்காக அவர் பல ஆண்டுகளாக வைத்திருக்கும் டேப் அது. போகும்போது என் டேப்பை அவரிடம் விட்டு வந்திருக்கலாம். பையிலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இந்த இரண்டு மில்லிமீட்டர் பிளவின் கணக்கா டேப்பின் கணக்கா என்று மாலை முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 25, திங்கள்

ஆய்வு மாணவர் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்திலிருந்து இரண்டு பெட்டிகள் புதைபடிவங்கள் கொண்டுவந்து கட்டிலின்மேலேயே பரப்பினார். கணவாய் இனத்துப் பழைய உயிரிகளான பெலம்னைட்டுகள் துப்பாக்கித் தோட்டாவைப் போலவே இருக்கின்றன, சுருள் ஓடுள்ள அம்மோனைட்டுகளில் பாதி உடைந்தவை, எல்லாவற்றின் மீதும் ஜிப்சம் பொடி ஒட்டியிருக்கிறது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த களிமண் அது. உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நிலவியலாளர் பிளான்ஃபோர்டு 1862இல் பகுத்த அடுக்குகளையே இன்றும் பின்பற்றுகிறோம். மாணவர் ஒவ்வொரு பெலம்னைட்டையும் எந்த அடுக்கில், எந்த உயரத்தில் எடுத்தார் என்று பென்சிலால் எழுதியிருக்கிறார்; எழுதாத மூன்றை எடுத்துத் தனியே வைத்துவிட்டேன். எங்கே கிடைத்தது என்று தெரியாத புதைபடிவம் அழகான கல்லாக இருக்கலாம், ஆனால் அதிலிருந்து காலவரிசை சொல்ல முடியாது. அவர் முகம் வாடியது. என் தையல் டேப்பைப் பற்றி அவருக்குத் தெரியாது.

நவம்பர் 27, புதன்

112.7.

நைந்து நீண்டுபோன டேப் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது என்பது இன்று அதிகாலை மூன்று மணிக்குத்தான் எனக்கு உறைத்தது. கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் நீண்டிருந்தால், அதே நீளத்துக்குள் குறைவான கோடுகளே அடங்கும். அப்படியானால் பிளவு அக்கா சொல்வதைவிட அதிகமாகவே விரிந்திருக்க வேண்டும். குன்னூரில் எஃகு டேப் ஒன்று வாங்கச் சொல்லிப் பணம் அனுப்பினேன். அவர் மகன் அடுத்த வாரம்தான் கீழே இறங்குவானாம்.

சரிவைப் பற்றியும் எழுதிவைக்கிறேன், எழுதினால் தூக்கம் வருகிறது. மழைநீர் பிளவின் வழியாக இறங்கி, செம்மண்ணும் அடிப்பாறையும் சந்திக்கும் இடத்தில் தேங்குகிறது. மண் துகள்களுக்கு இடையே நீரழுத்தம் ஏற ஏற, அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்த உராய்வு குறைந்துகொண்டே வருகிறது. சரிவின் எடையைத் தாங்கி நின்ற அடிப்பகுதியைச் சாலை போடுவதற்காக ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. மேலே இருந்த சோலை மரங்களின் இடத்தில் தேயிலை நிற்கிறது, ஓடையின் வாயைக் கொட்டிய மண் அடைத்திருக்கிறது. இவற்றில் எதையும் நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டி, மாவட்டம் முழுவதும் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது நான் அங்கேதான் குறிப்பேட்டோடு நடந்துகொண்டிருந்தேன். காரணங்கள் அன்றைக்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தன. நாள்தான் யாருக்கும் தெரியவில்லை.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். காலையிலிருந்து மின்சாரம் இல்லை, விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். இந்த வீட்டில் விமான ஓசையே கேட்காத பகலை நான் அறிந்ததில்லை. சாலையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. அம்மா அரிசி மூட்டையைக் கட்டிலின் மேல், என் காலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

அளவு வரவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

புயல் இரவில் கரையைக் கடந்தும் புதுச்சேரி அருகே நகராமல் நின்றுகொண்டிருக்கிறது. மயிலத்தில் மட்டும் ஏறத்தாழ ஐம்பது சென்டிமீட்டர் மழை. நகரத் தொடங்கினால் அது மேற்கேதான் போகும், மேற்கே மலைதான் இருக்கிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு அக்காவின் அழைப்பு வந்தது: 112.9, பிளவுக்குக் கீழே இருக்கும் ஊற்று கலங்கலாக வருகிறது, முதல் வீட்டுக் கதவு சாத்த வரவில்லை.

ஈரத்தில் மரக்கதவு உப்பும், அது எனக்குத் தெரியும். கதவு நிலை சாய்ந்தாலும் சாத்த வராது. நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் காலைத் தலையணையில் ஏற்றி வைத்துக்கொண்டு இரண்டில் எது என்று எப்படிச் சொல்வது? சரிவில் இருக்கும் ஒன்பது வீட்டுக்காரர்களையும் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுக்கச் சொன்னேன். நான் சொன்னதாகவே சொல்லச் சொன்னேன்.

டிசம்பர் 2, திங்கள்

மண் சரிந்தது திருவண்ணாமலையில். நேற்று மாலை, நான் நீலகிரிக்குத் தொலைபேசியில் பேசி முடித்த பிறகு, மலையடிவாரத்து வீடு ஒன்றின் மீது பாறையும் மண்ணும் விழுந்திருக்கின்றன. உள்ளே ஏழு பேர், அவர்களில் ஐவர் குழந்தைகள்.

டிசம்பர் 3, செவ்வாய்

ஏழு பேரையும் எடுத்துவிட்டார்கள். ஒருவரும் உயிரோடு இல்லை.

டிசம்பர் 5, வியாழன்

நிலச்சரிவு என்று சொன்னால் நாங்கள் எல்லாரும் மேற்கே பார்த்துப் பழகியவர்கள். வயநாடு, மூணாறு, வால்பாறை, உதகை என்று எங்கள் கண்கள் அந்த வரிசையிலேயே போகும். சமவெளியில் தனியாக நிற்கும் மலை என்றால் கெட்டிப் பாறை, அதிலிருந்து என்ன சரியப்போகிறது என்று வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன், அந்த வகுப்புக் குறிப்பு இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட மலையின் சரிவிலும் உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன, அவற்றின் இடுக்குகளில் மண்தான் ஆப்பு அடித்ததுபோல் அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரே நாளில் இவ்வளவு மழை அந்த மண்ணைக் கரைத்து வெளியேற்றினால் பாறை நிற்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. இது இரண்டாமாண்டு மாணவருக்கும் புரிகிற கணக்கு. அந்த வழியாக எத்தனையோ முறை பேருந்தில் போயிருக்கிறேன், ஒரு முறைகூட மலையை நிலவியலாளராகப் பார்த்ததில்லை, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டேன்.

டிசம்பர் 6, வெள்ளி

ஒன்பது வீட்டுக்காரர்களும் நான்கு இரவுகள் பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் தரையில் படுத்திருந்துவிட்டு வீடு திரும்பிவிட்டார்கள். குளிரில் இரண்டு குழந்தைகளுக்குச் சளி பிடித்திருக்கிறது. எதுவும் சரியவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டால் வருவார்கள் என்று நினைக்காதீர்கள் டீச்சர் என்று அக்கா பொறுமையாகவே சொன்னார். அவர் கோபித்திருந்தால் எனக்குப் பதில் சொல்ல எளிதாக இருந்திருக்கும்.

டிசம்பர் 9, திங்கள்

எஃகு டேப் வந்து சேர்ந்தது. இரண்டாலும் அடுத்தடுத்து அளக்கச் சொன்னேன், மூன்று முறை.

தையல் டேப் 112.9. எஃகு டேப் 113.6.

ஆக, அக்டோபர் 20இலிருந்து பிளவு 1.2 சென்டிமீட்டர் விரிந்திருக்கிறது. ஆனால் எப்போது விரிந்தது? நாளொன்றுக்குக் கால் மில்லிமீட்டர் என்று ஐம்பது நாளும் சீராக விரிந்திருந்தால், இது பல ஆண்டுகள் இப்படியே ஊர்ந்துகொண்டிருக்கும் சரிவாக இருக்கலாம். பாதி அந்தப் புயல் இரவுகளில் மட்டும் விரிந்திருந்தால், அடுத்த மழைக்கு வேகம் பிடிக்கிற சரிவு. விரிவின் அளவைவிட அதன் வேகம் கூடுகிறதா என்பதுதான் முக்கியம், அதைத்தான் நான் தொலைத்துவிட்டேன். தையல் டேப் சொன்ன அரை சென்டிமீட்டரைக் கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் டேப்பும் இழுபட்டு நீண்டுகொண்டேதான் இருந்திருக்கும். காரைப் பெட்டியில் நான் ஒதுக்கிவைத்த அந்த மூன்று பெலம்னைட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

உரிய அலுவலகத்துக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். அளவுகளில் உள்ள குறையையும் மறைக்காமல் எழுதினேன். அதை எழுதினால் கடிதத்தின் பலம் பாதியாகிவிடும் என்று மாணவர் சொன்னார். அவர் சொன்னது சரிதான்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். இந்த ஆண்டு பக்தர்கள் மலையேறுவதற்கு அனுமதி இல்லை. தொலைக்காட்சியில் கொப்பரை எரிவதைப் பார்த்து அம்மா கை கூப்பினார். நான் சுடருக்குக் கீழே இருட்டில் இருந்த சரிவையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் தெரியவில்லை. பிறகு நானும் கூப்பினேன்.

எஃகு: 113.6.

டிசம்பர் 15, ஞாயிறு

113.6. மழை மறுபடியும் வரும் என்கிறார்கள்.

டிசம்பர் 17, செவ்வாய்

கட்டைப் பிரித்துவிட்டார்கள். கால் சூம்பிப்போய் வேறு யாருடையதோ போல இருக்கிறது. ஆறு வாரம் மலைப்பக்கம் போகக் கூடாது என்றார் மருத்துவர், தலையாட்டிவிட்டு வந்தேன். நீலகிரி எக்ஸ்பிரஸில் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருப்போர் பட்டியலில் பதினான்காம் எண். 113.8.