பெருசு இல்ல, பெரூஸ்

போன வாரம் நங்கநல்லூர் வீட்டைக் காலி பண்ணேன், ஹவுஸ் ஓனர் அட்வான்ஸ்ல ஒரு மாச வாடகைய பெயிண்டிங் சார்ஜுன்னு பிடிச்சுக்கிட்டாரு. சுவத்துல ஒரு ஆணி கூட அடிக்கல சார்னு சொல்லிப் பாத்தேன். அவரு ஒண்ணுமே பேசல, அக்ரிமெண்ட்டோட மூணாவது பக்கத்தைத் திருப்பி ஒன்பதாவது பாயிண்ட்ல விரல வச்சாரு, கீழ என் கையெழுத்து, அதுவும் நிறுத்தி நிதானமா போட்டிருக்கேன்.

இதுல கடுப்பு என்னன்னா, ரெண்டு வருஷம் முன்னாடி அந்த டிராஃப்ட்ட வாட்ஸ்அப்ல அனுப்பும்போதே 'ஃபார் யுவர் கைண்ட் பெரூசல்'னு போட்டுத்தான் அனுப்பினாரு மனுஷன். ரிட்டயர்ட் கவர்மெண்ட் ஆளு, மோட்டார் ரிப்பேருன்னு சொல்றதுக்கே சப்ஜெக்ட் ரெஃபரன்ஸ் எல்லாம் போடுவாரு. நான் டீக்கடைல நின்னுக்கிட்டு ஒரு கைல கிளாஸ் ஒரு கைல போன்னு வாடகை எவ்ளோ அட்வான்ஸ் எவ்ளோன்னு ரெண்டு நம்பர மட்டும் பாத்துட்டு ஓகே சார்னு போட்டுட்டேன். பெரூசல்னா சும்மா ஒரு பார்வை பாக்கறதுன்னுதான் அதுவரைக்கும் நெனச்சிட்டு இருந்தேன்.

காசு போன வயித்தெரிச்சல்ல டிக்‌ஷனரி எடுத்துப் பாத்தா கதையே வேற. பெரூசல் வந்தது பெரூஸ்ங்கிற (peruse) இங்கிலீஷ் வார்த்தைலேர்ந்து, அதுல 'பெர்'னா லத்தீன்ல முழுக்கன்னு அர்த்தம், பின்னாடி இருக்கறது நமக்குத் தெரிஞ்ச 'யூஸ்'தான். 15ஆம் நூற்றாண்டு வாக்குல இதுக்கு, ஒரு பொருளை தேய்ஞ்சு போற அளவுக்கு யூஸ் பண்ணித் தீத்துடறதுன்னே அர்த்தம் இருந்திருக்கு. அப்புறம் ஒண்ணொண்ணா எடுத்து சோதிச்சுப் பாக்கறது, அப்படியே வரி வரியா ஊன்றிப் படிக்கறதுன்னு ஆச்சு.

ஷேக்ஸ்பியரோட ஹாம்லெட் நாடகத்துல, ஹாம்லெட்டக் கொல்ல ராஜா கிளாடியஸ் சதி பண்ற சீன் ஒண்ணு வருது. ஹாம்லெட் சூதுவாது தெரியாதவன், வாளையெல்லாம் 'பெரூஸ்' பண்ண மாட்டான், அதனால முனை மழுக்காத வாளா பாத்து நீ எடுத்துக்கோன்னு, ஹாம்லெட்டோட வாள் போட்டில மோதப்போற லேயர்டீஸ்கிட்ட சொல்றான். லேயர்டீஸ் அதுல விஷத்தையும் தடவி வச்சான். ஹாம்லெட்டுக்கு உயிரு போச்சு, எனக்கு ஒரு மாச வாடகை.

ஆனா என் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்குங்க. நுனிப்புல் மேயற மாதிரி மேலோட்டமா பாக்கறதுக்கும் இப்போ இதே வார்த்தைதான், மெரியம் வெப்ஸ்டர் டிக்‌ஷனரி ரெண்டு அர்த்தத்தையும் போட்டிருக்கு. படிச்சியான்னு கேட்டா பெரூஸ் பண்ணேன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம், எப்படிப் படிச்சோம்னு யாருக்கும் தெரியாது. ஆபீஸ்ல சில பேரு 'பெரூஸ் த்ரூ'ன்னு எழுதறாங்க, அந்த த்ரூ தேவையே இல்ல, பெர்லயே அது அடங்கிருச்சு.

நம்ம மனுவுல வர்ற 'தங்கள் மேலான பார்வைக்கு' மட்டும் என்னவாம். எழுதறவரு மேலானன்னு மரியாதையா எழுதறாரு, வாங்கறவரு மேலாப்லன்னு படிச்சுட்டு அடுத்த டேபிளுக்குத் தள்ளிடறாரு.

புது வீடு மடிப்பாக்கம். அந்த அக்ரிமெண்ட் நேத்து வந்துச்சு, தரைல பரப்பி வச்சு பென்சிலோட உக்காந்துட்டேன், பெயிண்டிங் பாயிண்ட் இதுலயும் இருக்கு, ஆனா தண்ணி லாரி காசு யாரு குடுக்கணும்னு எங்கயுமே எழுதல. கேட்டு மெசேஜ் போட்டேன், ப்ளூ டிக் வந்துருச்சு, பதில் இன்னும் வரல.