அப்பாவை ஏற்பதுதான் கஷ்டமாக இருந்தது

கவுன்சலிங் படிக்கப் போனால் ஆரம்பத்திலேயே அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வந்துவிடுவார். ஒருவரிடம் மாற்றம் நிகழ என்னென்ன வேண்டும் என்று 1957-ல் ஒரு கட்டுரையில் ஆறு நிபந்தனைகளைச் சொன்னார். அதில் ஒன்று, எதிரில் இருப்பவரை எந்த நிபந்தனையும் போடாமல் ஏற்பது. நிபந்தனையே இல்லாமல் ஏற்பது ஒரு நிபந்தனை, வேடிக்கைதான். பரீட்சையில் இதற்கு முழு மார்க் வாங்கியவள் நான்.

நம் ஊரில் இந்த வார்த்தையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. "வீட்ல ஏத்துக்கிட்டாங்களா?" என்று யாராவது கேட்டால் காதல் கல்யாணத்துக்குச் சம்மதித்துவிட்டார்களா என்றுதான் அர்த்தம். அதனால் கவுன்சலர் ஒருவரை ஏற்கிறார் என்றால் அவர் செய்வதற்கெல்லாம் தலையாட்டுகிறார் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. குடித்துவிட்டு மனைவியை அடிப்பவர் வந்து உட்கார்ந்தால் அடித்ததை நான் ஏற்க மாட்டேன், ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் தீர்ப்பு எழுதிவிடவும் மாட்டேன். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு அப்பாவும் மகனும் வந்தார்கள் (யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). பையனுக்கு இருபத்திரண்டு வயது, தனக்குப் பெண்கள் மேல் ஈர்ப்பு இல்லை என்று வீட்டில் சொல்லிவிட்டான். அப்பா நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை. "எவ்வளவு செலவானாலும் பரவாயில்ல மேடம், இவன நார்மலா மாத்திக் குடுங்க" என்றார்.

முடியாது என்று அன்றைக்கே நேராகச் சொல்லிவிட்டேன். இது நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. சமூகத்தின் ஒழுக்க மதிப்பீடுகளுக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று முடிவுகட்டக் கூடாது என்று நம் 2017 மனநலச் சட்டமும் சொல்கிறது. 'மாற்றும் சிகிச்சை' செய்யும் மருத்துவர்கள் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்தது. நான் மருத்துவர் இல்லைதான், அதைச் சாக்காக வைத்துத் தப்பிக்கவா முடியும்?

பையனை ஏற்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, ஏனென்றால் என் கருத்தும் அவன் பக்கம்தான். நமக்குப் பிடித்தவரை, நம்மைப் போலவே யோசிப்பவரை ஏற்பதற்குப் பயிற்சி எதற்கு, பட்டம் எதற்கு? அதையே பெரிய பக்குவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதைப் பிடித்தது என் சூப்பர்வைசர்தான், அதாவது என்னிடம் வருபவர்களைப் பற்றி நான் கலந்து பேசும் மூத்த கவுன்சலர். இந்தக் குடும்பத்தைப் பற்றி அவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது குறுக்கிட்டு, "அந்த அப்பா பேச்சு வந்தா மட்டும் உன் குரல் மாறுது, கவனிச்சியா?" என்றார். கவனித்திருக்கவில்லை. என் மனதில் அந்த மனிதர் ஒரு வில்லன். மகன் சொன்ன நாளிலிருந்து சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதற்கும் போகாமல், ராத்திரி தூங்காமல், யாரிடமும் சொல்ல முடியாமல் அவர் புழுங்கிக்கொண்டிருந்ததை அவரே என்னிடம் சொல்லியிருந்தார், என் நோட்டில் அதெல்லாம் ஒரே வரியில் முடிந்திருந்தது.

அப்போது நினைவுக்கு வந்தவர் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். ஒருவரையொருவர் விரும்பிய, மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் தங்களுக்குப் பாதுகாப்பு கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு, 2021. இந்த விஷயத்தில் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று உத்தரவிலேயே எழுதி, ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து பேசிவிட்டு அப்புறம்தான் ஜூன் 7 அன்று தீர்ப்புச் சொன்னார். தன் முன்முடிவை அவ்வளவு வெளிப்படையாக மேசைமேல் எடுத்து வைக்க ஒரு நீதிபதியால் முடிகிறது. எதிரில் உட்கார்ந்திருப்பவரை எடை போடக் கூடாது என்பதையே தொழிலாக வைத்திருக்கும் எனக்கு அதைச் சொல்ல இன்னொருவர் வேண்டியிருந்தது.

அடுத்த முறை வந்தபோது அப்பாவிடம் விளக்கம், ஆதாரம் எதையும் நான் எடுக்கவில்லை. உங்களுக்கு எதை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் பேசினார். "எனக்கப்புறம் இவனுக்கு யார் மேடம் இருக்கா?" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கேட்டு வந்ததற்கு என் பதில் அன்றைக்கும் முடியாது என்பதுதான், அது மாறவில்லை.

கிளம்பும்போது, இனி தனியாக வரலாமா என்று கேட்டார். பையனிடம் கேட்டேன். "தாராளமா பாருங்க மேடம், ஆனா நான் சொன்னது எதுவும் அவருக்குப் போகக் கூடாது" என்றான். அவன் சொன்னதையும் அவர் சொல்லப்போவதையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொண்டு எதையும் கசியவிடாமல் இருக்க என்னால் முடியுமா என்று யோசித்துவிட்டு, அப்பாவை எனக்குத் தெரிந்த வேறொரு கவுன்சலரிடம் அனுப்பினேன். தொழில் நெறிப்படி அதுதான் சரி. ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது, அதைத்தான் அடுத்த வாரம் சூப்பர்வைசரிடம் முதலில் சொன்னேன்.