எம்.சி.பி. கண்டுகொள்ளாத சூடு: கேரவன் ஏசி ஒயரிங் வேலை, இதுவரை

வண்டி: வேனை மாற்றிக் கட்டிய கேரவன். ஏசி: 1 டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட். நிற்கும் இடம்: முட்டம், கடலுக்குக் கூப்பிடு தூரம். கரண்ட் வருவது வீட்டு 16 ஆம்பியர் சாக்கெட்டிலிருந்து, 30 மீட்டர் ஒயரில்.

முதல் சோதனை

மதிய வெயிலில் 2 மணி நேரம் ஏசி முழு வேகத்தில் ஓடியது. கிளாம்ப் மீட்டரில் 7 ஆம்பியர். ஒயரைத் தொட்டால் இளஞ்சூடுதான். வண்டிப் பக்கத்து பிளக் மட்டும் 74 டிகிரி. சாதாரண பிவிசி ஒயரின் உறை தாங்குவதே 70 டிகிரிதான்.

16 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) விழவில்லை. விழவும் செய்யாது. அதற்குத் தெரிவது கரண்டின் அளவு மட்டும். 7 ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

லேசர் தெர்மாமீட்டரைப் பளபளக்கும் பித்தளைப் பின்னில் நேரே காட்டினால் சூட்டைக் குறைத்தே சொல்லும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் பார்க்க வேண்டும்.

மெயினை அணைத்து, வீட்டுப் பக்கத்திலும் பிடுங்கிவிட்டு பிளக்கைத் திறந்தால் காரணம் கண்ணெதிரே. துளைக்குள் நுழையவில்லை என்று இழைகளில் மூன்றில் ஒரு பங்கை யாரோ வெட்டி எறிந்திருக்கிறார்கள். மிச்ச இழைகளில் பச்சைக் களிம்பு. உறை அரை அங்குலத்துக்குப் பழுப்பேறி, நகம் பட்டதும் உதிர்ந்தது. ஸ்குரூ அரைச் சுற்று லூஸ்.

கணக்கு எளிது: கரண்டின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் சூடு. மூட்டில் 0.2 ஓம் இருந்தால் 7 ஆம்பியருக்குக் கிட்டத்தட்ட 10 வாட். களிம்பு ஏறி 0.5 ஓம் ஆனால் 25 வாட். பிளாஸ்டிக் பிளக்குக்குள் ஒரு சால்டரிங் அயர்னைப் போட்டு மூடி வைத்த மாதிரி. சூட்டில் ஸ்குரூ இன்னும் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடேறும்.

சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்போது நிலைமை மோசம். இன்வெர்ட்டர் ஏசி அதே குளிர்ச்சிக்காகக் கரண்டைக் கூட்டி இழுக்கும். 230 வோல்ட் 190 ஆனால் கரண்ட் 1.2 மடங்கு, மூட்டில் சூடு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

மாற்றியவை

வண்டிப் பக்கம் நீல நிற 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் பிளக், சாக்கெட். ஒயர் 2.5 சதுர மி.மீ. மூன்று கோர், பல இழைச் செம்பு. உப்புக் காற்றுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு கிடைத்தால் நல்லது. நுனிகளில் ஃபெரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு உலோகக் குழல்) போட்டு கிரிம்ப், அதாவது நசுக்கி இறுக்கல். நுனிக்கு ஈயம் பற்றவைத்து ஸ்குரூவில் மாட்டும் பழக்கம் பலரிடம் உண்டு. வண்டிக்கு அது ஆகாது: ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கும், ஸ்குரூ தானாக லூஸாகும். தகரத்தைத் துளைத்து ஒயர் போகும் இடங்களில் ரப்பர் கிராமெட், ஒயர் உரசாமல் காக்கும் வளையம். எம்.சி.பி.க்கு முன்னால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.; இது எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச், லூஸ் மூட்டுச் சூட்டுக்கு இதுவும் குருடுதான்.

இரண்டாம் சோதனை: அதே வெயில், அதே 2 மணி நேரம். பிளக் 41 டிகிரி. மிச்ச ஒயரைச் சுருளாகவே விட்டு ஓட்டிப் பார்த்ததில் சுருளின் நடுப்பகுதி 20 நிமிடத்திலேயே வெளிச்சுற்றைவிடத் தெளிவாகச் சூடானது. உள்ளே இருக்கும் சூட்டுக்குப் போக வழி இல்லை. நீளம் தேவையோ இல்லையோ, முழுதும் பிரித்துப் போட வேண்டும்.

பேட்டரிப் பக்கம்

இன்னும் தொடவில்லை, கணக்கு மட்டும். 1200 வாட்டை 12 வோல்ட்டில் எடுத்தால் 100 ஆம்பியர். பேட்டரி கரண்டை ஏசிக்கு ஏற்ற 230 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர் பெட்டியின் இழப்போடு 110-ஐத் தாண்டும். அங்கே ஒரு மில்லி ஓம் மூட்டே 12 வாட் சூடு தரும். சுத்தியலால் தட்டிய லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) இங்கே செல்லாது, ஹைட்ராலிக் கிரிம்ப்தான். ஃபியூஸ் பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே. இன்வெர்ட்டர் பக்கத்தில் வைத்தால் நடுவில் உள்ள ஒயருக்குக் காவல் இல்லை.

அவுட்டோர் யூனிட்

ஆடிக் காற்றில் கண்டென்சர் தகடுகளில் உப்பும் நைஸ் மணலும் அப்பும். காற்றுப் போகாவிட்டால் கம்ப்ரஸர் திணறி, 7 ஆம்பியர் 8-ஐத் தாண்டும். மெயினை அணைத்து நல்ல தண்ணீரில், தகடு மடங்காத அழுத்தத்தில், உள்ளிருந்து வெளியே கழுவ வேண்டும். டெர்மினல் மூடியையும் திறந்து பார்த்ததில் நியூட்ரல் ஸ்குரூவில் களிம்பு ஆரம்பித்திருக்கிறது. லக் மாற்றி, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் உறை) போட்டாயிற்று. 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா ஸ்குரூவையும் மறுபடி முறுக்கிப் பார்த்து, அடுத்த சூட்டுச் சோதனை.