31 மறுபடி 4 ஆனது

"31ஐ மைனஸ் 2 என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் பேராசிரியர். வகுப்பே கால்குலேட்டரைக் கீழே வைத்தது.

பலகையில் இருந்தது குட்டி ஆர்எஸ்ஏ, அதாவது எண்களால் செய்தியைப் பூட்டி அனுப்பும் முறை. பகா எண்கள் 3, 11. பெருக்கினால் 33. பூட்ட மூன்றாம் அடுக்கு, திறக்க ஏழாம் அடுக்கு. அனுப்பும் செய்தி 4.

4இன் மூன்றாம் அடுக்கு 64. 33ஆல் வகுத்தால் மீதி 31. இதுதான் வெளியே போகும் மறைசெய்தி.

திறக்க 31இன் ஏழாம் அடுக்கு வேண்டும். 33ஆல் வகுத்த மீதி மட்டும்தான் கணக்கு என்பதால் 33ஐக் கூட்டலாம், கழிக்கலாம்; 31இலிருந்து 33 போனால் மைனஸ் 2. அதன் ஏழாம் அடுக்கு மைனஸ் 128. அதோடு நான்கு 33, அதாவது 132ஐக் கூட்டினால்...

4!

எனக்குச் சிலிர்த்துவிட்டது.

இது ஏன் எப்போதும் சரியாக வருகிறது என்பதற்கான தேற்றத்தைக் கணித மேதை ஆய்லர் 1763இலேயே வெளியிட்டுவிட்டார். ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் அதை வைத்து 1977இல் இந்த ஆர்எஸ்ஏ பூட்டைச் செய்தார்கள். நிஜத்தில் 3, 11க்குப் பதில் முந்நூறு இலக்கத்துக்கும் மேலான பகா எண்கள், அவ்வளவுதான்.

பெருக்கி வந்த எண்ணை மறுபடி அந்த இரு பகா எண்களாகப் பிரித்துவிட்டால் பூட்டு உடைந்துவிடும். ஆனால் அவ்வளவு பெரிய எண்ணைக் காரணிகளாகப் பிரிப்பது கடினம் என்று யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை. வேகமான வழி எதுவும் சாதாரணக் கணினிகளுக்குக் கிடைக்கவில்லை, அந்த நம்பிக்கையில்தான் பூட்டு நிற்கிறது. இதைக் கேட்டதிலிருந்து வேறு எதிலும் மனம் போகவில்லை.

பகா எண்களில் இன்னொரு அதிசயமும் உண்டு. ஓர் எண் பகா எண்ணா என்று வேகமாக, ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லும் முறையை 2002இல் தந்தது ஐஐடி கான்பூர். அங்கே பேராசிரியரான மணீந்திர அகர்வாலோடு மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா. அந்த மாணவர்கள் இருவரும் அப்போதுதான் பி.டெக். முடித்தவர்கள்!

அவர்களின் நிரூபணத்தை இந்த செமஸ்டருக்குள் வரி வரியாகப் படித்துவிட வேண்டும். சேர்ந்து படிக்க யாராவது வருகிறீர்களா?