பச்சை அட்டை

அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில், தாத்தாவின் பெயரிட்ட எஃப்.ஆர்.சி., அதாவது அயல்நாட்டார் பதிவுச் சான்று, மடிப்புகளில் கிழிந்து கிடைத்தது. அவர் ரங்கூனில் கப்பலிறங்கியபோது பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1937 ஏப்ரல் 1இல் அது தனியாகப் பிரிக்கப்பட்டது. 1948இல் சுதந்திரமும் பெற்றதும், ஒரே பேரரசின் குடியாக வந்தவர், நின்ற வயலைவிட்டு நகராமலேயே வெளிநாட்டவரானார்.

1942க்கோ 1948க்கோ முந்தைய பத்தாண்டுகளில் எட்டாண்டுகள் இங்கு வசித்த பேரரசுக் குடிகள், நிரந்தரமாகத் தங்கும் எண்ணமிருந்தால், பர்மியக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று சுதந்திர பர்மாவின் அரசியல் சட்டம் வழிவிட்டது. ஆனால் நாற்றங்காலில் நின்றவருக்கு அந்தச் சேதி எட்டவே இல்லை. (எட்டியிருந்தாலும் மனுவை எழுதித்தர ஆள் தேட வேண்டியிருந்திருக்கும்.)

1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ, 1823க்கு முன்பே குடியேறிய இனத்தவரை முழுக் குடிமக்களாகவும், எங்களைப் போன்ற பலரை இணைக் குடிமக்கள், ஏற்புக் குடிமக்கள் என்றும் வகுத்தது. அட்டைகள் முறையே இளஞ்சிவப்பு, நீலம், பச்சை. பேரப்பிள்ளைகள் தலைமுறையில் முழுக் குடியுரிமைக்குச் சட்டம் இடம் தருகிறது என்பது உண்மைதான். அதற்குத் தாத்தா, பாட்டியின் தாள்கள் வேண்டும். எங்களிடம் மிஞ்சியிருப்பது அவரை அயலார் என்று சொல்லும் இந்த ஒன்றுதான். அப்பாவின் பச்சை அட்டையோடு சேர்த்து, அதையும் பாலித்தீன் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.