பங்குனி வெயிலில் இஞ்சி பீர்

ஏப்ரல் 4

பீர் காய்ச்சும் ஆசை ரொம்ப நாளாக உண்டு, ஆனால் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் வீட்டில் அதற்கு இடம் கொடுக்காது. சட்டம் விட்டாலும் மதுரை வெயில் விடாது: பீரை நொதிக்கவைக்கும் ஏல் வகை ஈஸ்ட் 20 டிகிரி பக்கம் கேட்கும், எங்கள் அடுப்படியில் ராத்திரியிலும் 32. அதனால் இஞ்சி பீர். பெயர்தான் பீர், சீக்கிரமே குளிரில் வைத்துவிட்டால் சோடாதான்.

மாட்டுத்தாவணியில் புது இஞ்சி வாங்கி, தோலோடு துருவி 2 ஸ்பூன், சர்க்கரை 2 ஸ்பூன், தண்ணீர் 2 டம்ளர், பாட்டில் வாயில் வேட்டித் துணி. தோலைச் சீவக்கூடாது, நுரை கிளப்பும் ஈஸ்ட் அதில்தான் இருக்கிறது. குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு ராத்திரி திறந்து வைத்து குளோரின் வாடை போகவிட வேண்டும்.

ஏப்ரல் 6

தினமும் ஒரு ஸ்பூன் இஞ்சி, ஒரு ஸ்பூன் சர்க்கரை, ஒரு கிளறு. நுரைக்க ஒரு வாரம் என்று குளிர்தேசத்துக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள், இங்கே இன்றைக்கே காதை வைத்தால் சிறுசிறு என்று சத்தம். "என்னடா, கம்மங்கூழு புளிச்ச மாதிரி வாசம் வருது" என்றது அப்பத்தா. சரியான வாசம் அதுதான்.

ஏப்ரல் 7

2 லிட்டர் தண்ணீரில் நசுக்கிய இஞ்சி 150 கிராம், சர்க்கரை 200 கிராம் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டினேன். கைபொறுக்கும் சூடுகூட இல்லாமல் ஆறினபிறகுதான் எலுமிச்சைச் சாறும் முதல் நாள் போட்ட இஞ்சி பாட்டிலிலிருந்து அரை டம்ளர் நுரைத் தண்ணீரும், இல்லாவிட்டால் ஈஸ்ட் செத்துவிடும். கொஞ்சத்தில் மட்டும் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி.

எல்லாம் பிளாஸ்டிக் சோடா பாட்டிலில், கழுத்தில் இரண்டு அங்குலம் காலி விட்டு. கண்ணாடி வேண்டவே வேண்டாம், அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். கோலி சோடா பாட்டில் அவ்வளவு தடிமனாக இருந்ததும் அந்த வாயுவுக்காகத்தான்.

ஏப்ரல் 8

சாயங்காலம் அமுக்கிப் பார்த்தால் பாட்டில் கல்லாக நிற்கிறது, விரல் உள்ளே போகவில்லை. மூன்று நாள் வையுங்கள் என்று சொல்வதையெல்லாம் இந்த ஊரில் கேட்டால் அடுப்படி கூரை வரை இஞ்சிதான். கைதான் கணக்கு. நேரே ஃப்ரிட்ஜுக்கு. குளிரில் ஈஸ்ட் அடங்கும், வாயுவும் தண்ணீரில் நன்றாகக் கரையும்.

ஏப்ரல் 9

மூடியைக் கால் திருகு திருகி, உஸ் என்று அடங்கவிட்டு, மறுபடி கால் திருகு. கருப்பட்டி பாட்டிலில் நுரை அதிகம், ஆனால் அதன் வாசம் இஞ்சியை அமுக்கிவிட்டது. என் ஓட்டு சர்க்கரைக்கே. "மாப்ள, காரம் பத்தல" என்றார் மச்சான், சொல்லிக்கொண்டே இரண்டாவது டம்ளரை நீட்டினார். அடுத்த தடவை இஞ்சி 200 கிராம்.